நாலாவது சேனல்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் மாடித் தொட்டி நிரம்பிச் சுவரெல்லாம் வழிகிறது, அய்யா. யாராவது எழுந்து பின்பக்கம் போனால்தான் மோட்டாரை நிறுத்த முடியும் போலிருக்கிறது. ஒரு நாலு சேனல் ரிசீவர் வைத்தால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிறுத்தலாம். ஒரு சேனல் மோட்டாருக்கு, ஒன்று கேட்டுக்கு, ஒன்று பின்பக்க விளக்குக்கு. அதற்குப் பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். அரை நாள் வேலைதான்.

என் பெயர் சுரேஷ்கண்ணன். ஜெயமங்கலம் மெயின் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்றுக்குள் மின்சாரம் தாக்கி இறந்துபோன மலைச்சாமி என் பெரியப்பா மகன். மோட்டாரை ஓடவிட்டது தன் கைதான் என்று அவர் மனைவி பாண்டீஸ்வரி மதினி உங்களிடம் சொல்லியிருந்தார். அப்படி நம்பிக்கொண்டு ஒரு மனுஷி எப்படிக் கிடந்தார் என்பதை நீங்களே பார்த்தீர்கள். அவர் சொன்னது சரியில்லை. எந்த இடத்தில் சரியில்லை என்று காட்டத்தான் வந்திருக்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்களுடையது கூட்டுக் கிணறு. எங்கள் அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. கிணற்றை அறுத்துப் பங்கு வைக்க முடியாது, ஆகவே நாளைத்தான் பங்கு வைப்பார்கள். இன்று அண்ணன் முறை என்றால் நாளை என் முறை. என் முறையில் அண்ணன் வாழை வாடினாலும் அவர் ஸ்டார்ட்டரைத் தொட மாட்டார். அந்த விஷயத்தில் அவர் மிகவும் ஒழுங்கு.

எனக்கு விவசாயத்தில் மனம் போகவில்லை. நிலத்தை விற்றுவிட்டுத் தேனியில் பெரிய கடையாகப் போட வேண்டும் என்று இருந்தது. இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் கிணற்றுப் பங்கு இல்லாத நிலத்தை எங்கள் பக்கம் யாரும் சீண்ட மாட்டார்கள். பங்கோடு சேர்த்து விற்பதென்றால் மற்றப் பங்குதாரர் சம்மதிக்க வேண்டும். கெங்குவார்பட்டிப் பலவேசம் வந்து நிலத்தைப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, அண்ணன் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் அண்ணன் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அசலூர்க்காரன் வந்து நம்ம கெணத்துல கால் நனைக்கவா? ஏலே கண்ணா, நீ எங்கன போயி என்னத்தக் கிழிக்கப் போற. இங்கன கெட. அதான் நான் இருக்கேன்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் கையைப் போட்டுத்தான் சொன்னார். போகும்போது எனக்கும் சேர்த்து டீக்குச் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி, பஞ்சாயத்துக்குப் போய், எப்படியாவது பிரித்துக்கொண்டிருக்கலாம். பாசமாக மறுக்கிறவரிடமிருந்து வெளியேற வழியே கிடையாது. நான் நாலைந்து வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன்.

கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துக் காயிலை உருவிக்கொண்டிருப்பேன். மோட்டாருக்கு வேண்டிய மும்முனை கரண்ட் வந்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடுவேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும். வாடிக்கையாளர் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டுப் பெரியகுளம் போய்விடுவார். ஆகவே போக முடியாதென்றால் இங்கே இருந்தபடியே சௌகரியம் செய்துகொள்வோம் என்று ஒரு ரிசீவர் வாங்கினேன். அண்ணனுக்கு அதில் மிகுந்த சந்தோஷம். தம்பி நிலைத்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார்.

ரிசீவர் என்றால் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் போர்டு. அதில் வரிசையாக நாலு ரிலே. ரிலே என்பது மின்சாரம் தள்ளிவிடுகிற ஒரு சின்ன ஸ்விட்ச். ரிமோட்டிலிருந்து உத்தரவு வந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஏரியலாக ஒரு துண்டு வயர் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். நீளமாக விட்டால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்துப் பலர் முழ நீளத்துக்கு இழுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் காது மந்தமாகிவிடும். நான் அளந்து வெட்டி, பம்புசெட் ஓட்டுக்கு மேலே நேராக நிறுத்தினேன். கடையிலிருந்து அமுக்கினால் கேட்டது. இடையில் தென்னந்தோப்பு இருந்தும் கேட்டது.

பட்டன்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். காலிங் பெல் மாதிரி வைக்கலாம். அமுக்கியிருக்கும் வரை வேலை செய்யும், விட்டால் விட்டுவிடும். அல்லது ஒரு தடவை அமுக்கினால் போடும், அடுத்த தடவை அமுக்கினால் எடுக்கும் என்று வைக்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக மாற்றி வைக்கும் போர்டாகப் பார்த்து வாங்கினேன். ஏ பட்டன் மோட்டார் போட, பி நிறுத்த. இரண்டும் காலிங் பெல் மாதிரி. சி பட்டன் பம்புசெட் விளக்குக்கு. அண்ணன் அங்கே ஒரு கட்டுவிரியனைப் பார்த்திருந்தார், விளக்கு கட்டாயம் வேண்டும் என்றார். நாலாவது சேனல்தான் டி. அதை நான் அண்ணனுக்காகவே யோசித்துச் செய்தேன்.

கிணற்றில் இறங்குகிறவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டார்ட்டர் பலகையிலிருந்து மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கி வேட்டி மடியில் சுருட்டிக் கட்டிக்கொண்டு இறங்குவார். அவர் ஏறி வந்து தன் கையால் செருகினால்தான் மோட்டார் ஓடும். யாரையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாடு. ஆனால் ஈரக்கட்டையைத் துடைத்துச் செருகும்போது ஒரு தடவை பொறி பறந்து அண்ணனுக்கு உள்ளங்கை பொசுங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் டி-யைப் பூட்டாக வைத்தேன். ஒரு தடவை அமுக்கினால் ஸ்டார்ட்டருக்குப் போகும் இணைப்பு விட்டுவிடும். அதற்குப் பிறகு ஏ-யை யார் அமுக்கினாலும் மோட்டார் எழும்பாது. பூட்டு விழுந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் பம்புசெட் கூரையில், தென்னை இடுக்கு வழியாக என் கடைக்கும் தெரிகிற மாதிரி ஒரு சிவப்பு பல்பு எரியும். மறுபடி டி-யை அமுக்கினால் பூட்டு திறக்கும், பல்பு அணையும்.

இதில் ஒரு குறை உண்டு. வயரை முறுக்கும்போதே அது எனக்குத் தெரியும். பூட்டவும் திறக்கவும் ஒரே பட்டன். ஒருவர் பூட்டிவிட்டார் என்று தெரியாமல் இன்னொருவர் பூட்ட வந்தால் அது திறந்துவிடும். இரண்டு பட்டன் ஒதுக்கியிருந்தால் சிக்கல் இல்லை, ஆனால் விளக்குக்குப் பட்டன் இருக்காது. அண்ணனுக்கு இதை விளக்கமாகச் சொன்னேன். அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒம் மதினி மாதிரியில்ல இருக்கு. ஒரு வாட்டி கூப்ட்டா திரும்புறா, மறு வாட்டி கூப்ட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா.”

“கூப்புடுறவுக அந்தமட்டுக்கும் ஒரு வாட்டியோட நிறுத்துனா நான் ஏன் திருப்பப்போறேன்” என்று மதினி உள்ளேயிருந்து சொன்னார்.

எல்லோரும் சிரித்தோம். ரிமோட் மொத்தம் மூன்று. அண்ணனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மூன்றாவதை அண்ணன் வீட்டுச் சமையல்கட்டு ஆணியில் மாட்டி, டி-யை அமுக்கினால் மோட்டார் ஓடாது மதினி, அவ்வளவுதான் என்று சொன்னேன். மறுபடி அமுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அவர் கவனம் அதில் இருந்தது. எதையும் நீட்டி விளக்கித்தான் எனக்குப் பழக்கம், அன்று மட்டும் சுருக்கமாக முடித்துவிட்டேன். இதற்குக் காரணம் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் என் முறை. முந்தைய வாரம் அடித்த காற்றில் தோப்புச் சருகெல்லாம் கிணற்றில் விழுந்து, மோட்டார் சல்லடையை அடைத்துவிட்டது. குழாயில் விரல் தண்டிதான் தண்ணீர் வந்தது. எனக்கு நீச்சல் சுமார். அண்ணனிடம் சொன்னேன். என் முறைக்காகத்தான் அவர் இறங்கினார், அதை மறைக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் போகும் கேபிளில் ஒரு ஒட்டு இருக்கிறது. நான் போட்டதுதான். டேப் இளகி ஈரம் இறங்கியிருந்தது. மோட்டார் ஓடும்போது கிணற்றுத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். மாற்றித் தருகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பத்தரை மணி வாக்கில் அண்ணன் போன் செய்தார்.

“ஏலே, எறங்கப் போறேன். இங்கன இருந்து பாத்தா வெயில்ல ஒண்ணும் தெரியல. செவப்பு எரியுதா பாரு.”

“எரியுதுண்ணே.”

“கண்ண எடுக்காம இரு. ஏறுனதும் கூப்புடுறேன்.”

இந்தப் போனைப் பற்றி நீங்கள் முன்பே கேட்டீர்கள். இன்சுலேஷன் டேப் இருக்கிறதா என்று கேட்டார் என்று சொன்னேன். அது பொய். மன்னியுங்கள்.

பியூஸ் கட்டையை அண்ணன் பிடுங்கவில்லை. பூட்டு இருக்கிறது, தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். எதற்குப் பிடுங்குவார்? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். ரிமோட் அந்தச் சட்டைப் பையில் இருந்தது. நான் சொன்னபடி கண்ணை எடுக்காமல்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு அணைந்தது.

பல்பு போய்விட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. இல்லை, போன மாதம்தான் புதிது போட்டேன். கரண்ட் போகவில்லை, என் கடையில் ஃபேன் சுற்றுகிறது. அப்படியென்றால் யாரோ டி-யை அமுக்கியிருக்கிறார்கள். அண்ணன் தண்ணீரில் இருக்கிறார். என் ரிமோட் மேஜையில் இருக்கிறது. மிச்சம் சமையல்கட்டு ரிமோட். புருஷன் கிணற்றில் இறங்குகிறார், மறதிக்காரர், பூட்டினாரோ என்னவோ, எதற்கும் நாமும் ஒரு தடவை அமுக்கிவிடுவோம் என்று மதினி அமுக்கியிருக்கிறார். பிறகு அவர் உங்களிடம் சொன்னதும் அதுதான். அவர் சொல்வதற்கு முன்பே, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு சுற்றை மனதிலேயே ஓட்டிப் பார்த்து, எங்கே என்ன நடந்தது என்று பிசகில்லாமல் பிடித்துவிட்டால் ஒரு நிறைவு வரும், அய்யா. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அன்றும் வந்தது.

நான் ஒரு தடவை டி-யை அமுக்கினால் மறுபடி பூட்டிவிடும். அதற்குத்தான் ரிமோட்டை எடுத்தேன். இதை நீங்கள் நம்பலாம். கையில் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. இங்கன கெட என்று அவர் சொன்னது, தேனியில் பார்த்த அந்தக் கடை வேறொருவருக்குப் போனது, சாகும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்தக் கிணற்றுக்கு நான் வர வேண்டியிருப்பது. ரிமோட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பிறகு பம்புசெட் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. கடையிலிருந்து பார்த்தாலே தெரியும். விரல் தண்டியாக இல்லை, குழாய் நிறையக் கொட்டியது. அண்ணன் சல்லடையைச் சுத்தமாக எடுத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

வாய்க்கால் நனையும் அளவுக்கு ஓடவிட்டு, பி-யை அமுக்கி நிறுத்திவிட்டு ஓடினேன். முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிய பிறகுதான் இறங்கினேன். அண்ணனைத் தூக்கிக் கயிறு கட்டியபோது மேலே ஆட்கள் வந்துவிட்டார்கள். மதினி வந்தார். கையில் ரிமோட் இருந்தது. அதை வைத்துவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

“நான் டி-யத்தான அமுக்குனேன், கொழுந்தனாரே. டி-யத்தான் அமுக்குனேன். ஏ-யவா அமுக்கிட்டேன்?”

அத்தனை பேர் நின்றார்கள். விளக்கம் கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. பட்டன் நாலும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. எண்ணெய்க் கையால் பிடித்தால் கட்டைவிரல் வழுக்கி மேலே இருக்கும் ஏ-க்குப் போகலாம் என்று சொன்னேன். அவர் கட்டைவிரலைப் பிடித்து டி மேல் வைத்து, அது எப்படி நழுவும் என்று காட்டினேன். அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பூட்ட மறந்துவிட்டார், மதினி கை தவறி மோட்டாரைப் போட்டுவிட்டார் என்று அதற்குப் பிறகு ஊரே பேசியது. உங்களிடமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து மதினி வலது கையால் சோறு பிசைவதில்லை. அண்ணனின் தாயார் பஞ்சம்மாள் பெரியம்மா உருட்டிக் கொடுப்பதை இடது கையில் வாங்கித்தான் தின்பார். வெள்ளிக்கிழமை தோறும் என் கடைக்கு வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொரு வாட்டி சொல்லுங்க கொழுந்தனாரே, எப்படி நழுவுச்சு என்று கேட்பார். நான் வேலையைக் கீழே வைத்துவிட்டு, போர்டு, ரிலே, பட்டன் என்று முதலிலிருந்து சொல்வேன். ஒரு தடவைகூட எரிச்சல்பட்டதில்லை. பத்து மாதமும் வந்தார், பத்து மாதமும் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

நிலத்தை விற்கச் சம்மதமா என்று இடையில் கேட்டேன். எதை வேண்டுமானாலும் வித்துக்கங்க என்று சொல்லிவிட்டார். பலவேசத்துக்குப் போன் செய்தேன். ஆள் செத்த கிணற்றை எவன் வாங்குவான் என்று அவர் வைத்துவிட்டார். ஆகவே நிலம் அப்படியே இருக்கிறது, முறையும் அப்படியே இருக்கிறது. அண்ணன் முறையையும் இப்போது நான்தான் பார்க்கிறேன். தினமும் போக வேண்டியிருக்கிறது.

முந்தாநாள் போர்டைப் பரிசோதிக்க நீங்கள் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்தீர்கள். நல்ல படித்த மனிதர், மரியாதையாகப் பேசினார். இந்த மாதிரி மலிவு ரிசீவர் பக்கத்துத் தோட்டத்துக் கேட் ரிமோட்டுக்கெல்லாம் தானாக வேலை செய்யும், அந்த அம்மா சரியாகத்தான் அமுக்கியிருக்கிறார், மோட்டார் தானாகவே ஓடியிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பஞ்சம்மாள் பெரியம்மா கும்பிட்டு அழுதார். ஊரில் பாதிப் பேர் அழுதார்கள். நான் அந்தப் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு பாலிதீன் பையில் போட்டு வைத்திருந்தார்கள்.

இன்று காலை மதினி கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமைகூட இல்லை. தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்திருந்தார். தன் கையால் சுட்டது. வீட்டில் வலது கையால் பிட்டுத் தின்றுவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னார். சட்டியை மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். அவரே பேச்சைத் தொடங்கினார்.

“ஒங்க மெசினுதான் பண்ணியிருக்கு கொழுந்தனாரே. நீங்க வேணும்னா செஞ்சீக? அவுகளே இருந்தாலும் ஒங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக. நீங்க வெசனப்படாதீக, சாப்புடுங்க.”

அவர் போன பிறகு கடையைப் பூட்டிவிட்டு நேராக இங்கே வந்தேன். மதினிக்காகத்தான் வந்தேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் இட்லி தின்றுவிட்டார், அவருக்கு இனி என் வாக்குமூலம் எதற்கு என்றும் தோன்றத்தான் செய்தது.

விஷயம் இதுதான், அய்யா. அந்தப் போர்டு எவன் ரிமோட்டுக்கும் ஆடாது. தனக்குப் பழக்கப்படுத்திய மூன்று ரிமோட் சொல்வதை மட்டும்தான் கேட்கும். பழக்கப்படுத்தியது நான். பொறியாளருக்கு வேண்டுமானால் நானே பிரித்துக் காட்டுகிறேன். பத்து மாதம் மழையிலும் வெயிலிலும் கிடந்தும் ஒரு ரிலேகூட ஒட்டவில்லை, கவனித்தீர்களா என்று தெரியவில்லை. மதினி டி-யை அமுக்கினார், அது திறந்தது. ஏ-யை அமுக்கியது நான். என் ரிமோட், என் விரல், வழுக்கவில்லை. அண்ணன் தண்ணீருக்குள் இருக்கிறார் என்று தெரிந்துதான் அமுக்கினேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் ரிசீவர் கோளாறு என்ற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது ஒரு தப்பும் பண்ணவில்லை.